தனியாகக் கனடா வந்த இளையோர் நிரந்தர வதிவிடம் பெறுவதும் குடும்பத்துடன் இணைவதும்: ஒரு வழிகாட்டி

கனடாவுக்குத் தனியாக வந்து அகதிக் கோரிக்கை வைக்கும் இளையோர், தம் குடும்பம் வந்து சேர்வதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு விசா அதிகாரி தீர்மானிப்பார் என்றே பொதுவாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் தீர்மானத்தின் பெரும்பகுதி, வந்திறங்கிய முதல் சில வாரங்களில் நிரப்பப்படும் படிவங்களிலேயே முடிந்துவிடுகிறது. யாருடைய பெயரை எழுதினீர்கள், எந்தத் திகதியில் எழுதினீர்கள், எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினீர்கள் என்ற மூன்றையும் சுற்றியே பின்னால் வரும் ஒவ்வொரு கேள்வியும் எழும். ஆகவே இந்த வழிகாட்டி வந்து சேர்ந்த இளையோருக்கு மட்டுமன்றி, அவர்களைத் தம் வீட்டில் வைத்துப் பார்க்கும் சித்தி, மாமா, அக்கா போன்றோருக்கும், ஊரிலிருந்து தொலைபேசியில் அறிவுரை சொல்லும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

சட்டம் யாரைக் குடும்பம் என்கிறது

2002 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அகதி நிலை ஏற்கப்பட்ட ஒருவர் தன் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் சேர்க்கக்கூடிய குடும்பம் மிகச் சிறியது. கணவன் அல்லது மனைவி, சட்டப்படி மணம் செய்யாவிட்டாலும் குறைந்தது ஓராண்டு சேர்ந்து வாழ்ந்த துணை, 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் என்பதோடு பட்டியல் முடிகிறது. உடல் அல்லது மன நலக் குறைவால் 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரின் பணத்தில் தங்கி வாழும் பிள்ளைகள் அந்த வயதைக் கடந்தாலும் இதில் அடங்குவர். இந்த வயதெல்லை 2014 ஆகஸ்டில் 19க்குக் கீழ் என்று குறைக்கப்பட்டு, 2017 ஒக்டோபர் 24 அன்று மீண்டும் 22க்குக் கீழ் என்று உயர்த்தப்பட்டது. பழைய எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு "உங்கள் தம்பி வரமுடியாது" என்று சொல்பவர்கள் இன்றும் இருப்பதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

இந்தப் பட்டியலில் தாயும் தந்தையும் இல்லை, உடன்பிறந்தோரும் இல்லை. தாய்க்கு அகதி நிலை கிடைத்தால் அவர் தன் பதினாறு வயது மகனை அழைக்கலாம். ஆனால் அந்தப் பதினாறு வயது மகனே தனியாக வந்து அகதி நிலை பெற்றால், அவனால் தன் தாயைத் தன் விண்ணப்பத்தில் சேர்க்க இயலாது. கனடியச் சட்டத்தில் இதைவிட வேதனையான இடைவெளி வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை. மூத்த பிள்ளையை முதலில் அனுப்பிவிட்டால் அவன் நம்மைக் கூப்பிட்டுக்கொள்வான் என்ற நம்பிக்கையில் காணியை ஈடு வைத்து, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் பணம் கட்டும் குடும்பங்கள், புறப்படுவதற்கு முன்பே இதை அறிந்திருக்க வேண்டும். அத்தகைய பிள்ளைக்கு வழியே இல்லை என்பதல்ல. அந்த வழி வேறானது, நீளமானது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

எல்லையில்

அமெரிக்காவிலிருந்து தரை வழியாகக் கனடாவுக்குள் வருபவர்களை, இரு நாடுகளும் செய்துகொண்ட பாதுகாப்பான மூன்றாம் நாடு என்ற உடன்படிக்கையின்படி பொதுவாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2023 மார்ச் 25 முதல் இந்த விதி சோதனைச் சாவடிகளுக்கு மட்டுமன்றி எல்லை முழுவதற்கும், சாவடி தவிர்த்து நுழைந்து 14 நாட்களுக்குள் கோரிக்கை வைப்பவர்களுக்கும் பொருந்துகிறது. இதற்குள்ள விலக்குகளில் இரண்டு இளையோருக்கு முக்கியமானவை. 18 வயதுக்குட்பட்டு, மணமாகாமல், தாயோ தந்தையோ சட்டப்படியான பாதுகாவலரோ கனடாவிலும் அமெரிக்காவிலும் இல்லாத பிள்ளை ஒரு விலக்கு. கனடாவில் ஏற்கப்பட்ட நிலையில் இருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவரைக் கொண்டிருப்பது மற்றொன்று.

இங்கே உறவு என்பது கணவன் மனைவி, துணை, சட்டப்படியான பாதுகாவலர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், தாய் தந்தையரின் உடன்பிறந்தோர், உடன்பிறந்தோரின் பிள்ளைகள் என்ற அளவில் நிற்கிறது. அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரரை நாம் சித்தப்பா என்றுதான் அழைப்போம், ஆனால் அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். சொந்தச் சித்தப்பாதான் என்றால் அதைக் காட்ட மூன்று பிறப்புச் சான்றிதழ்கள் தேவைப்படும்: பிள்ளையுடையது, பிள்ளையின் தந்தையுடையது, சித்தப்பாவுடையது. பின்னிரண்டிலும் தாத்தா பாட்டியின் பெயர்கள் ஒன்றாக இருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு கோருபவருடையது என்பதால், கனடாவில் இருக்கும் உறவினர் தன் பிறப்புச் சான்றிதழையும் வதிவிட அட்டையின் பிரதியையும் அன்றைக்கே அனுப்பத் தயாராக வைத்திருப்பது நல்லது.

முதல் படிவங்களும் பெயர்களும்

அகதிக் கோரிக்கையோடு தரப்படும் படிவங்களில் குடும்ப விபரம் கேட்கப்படும் ஒவ்வொரு இடத்திலும், உயிரோடிருக்கும் குடும்பத்தினர் அனைவரையும் எழுதுங்கள். உங்களோடு வராதவரையும், வர விரும்பாதவரையும், எங்கிருக்கிறார் என்று தெரியாதவரையும், முன்னைய உறவில் பிறந்து வேறு வீட்டில் வளரும் பிள்ளையையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(டி) என்ற உட்பிரிவு சொல்கிறது: நிரந்தர வதிவிடம் பெறும்போது நீங்கள் வெளிப்படுத்தாததால் பரிசோதிக்கப்படாமல் போன கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பின்னாளில் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய, அதாவது பொறுப்பேற்று அழைக்க முடியாது. அதற்குக் கால எல்லை எதுவும் இல்லை. இந்த விதியின் கடுமையைக் குறைக்க 2019 செப்டெம்பரில் ஒரு பொதுக்கொள்கை கொண்டுவரப்பட்டு, அகதி நிலை பெற்றோர் உட்படச் சிலருக்கு விலக்கு கிடைக்க வழி ஏற்பட்டது. ஆனால் அது காலவரையறை உடைய ஏற்பாடு, நீடிக்கப்பட்டு வந்தது, நிபந்தனைகளும் கொண்டது. அதை நம்பி யாரும் ஒரு பெயரை மறைக்கக் கூடாது.

மறைப்பதற்கு ஊரில் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன். தனி ஆள் என்று சொன்னால் கேஸ் லேசாக இருக்கும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருப்பார். வீட்டுக்குத் தெரியாமல் நடந்த பதிவுத் திருமணமாக இருக்கும். பிள்ளையின் பெயரை எழுதினால் ஊரில் யாராவது தேடி வருவார்களோ என்ற பயமும் இருக்கும். இவற்றில் கடைசிக் காரணம் மட்டுமே மதிக்கத்தக்கது, அதற்கும் விடையுண்டு: அகதிக் கோரிக்கை சார்ந்த தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுகின்றன, விசாரணைகளும் பொதுமக்களுக்கு மூடியே நடக்கின்றன.

அடுத்தது எழுத்துக்கூட்டல். நம்மவர்களில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாததால், தந்தையின் பெயரே கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக ஏறுகிறது. தந்தையின் கடவுச்சீட்டிலோ அவருடைய தந்தையின் பெயர் இருக்கும். மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர்கள். இதை அதிகாரிகள் பலமுறை பார்த்திருப்பார்கள் என்றாலும், கடிதம் ஒன்றில் இரண்டு வரியில் விளக்கி வைப்பது வீண்போகாது. சிக்கல் வருவது வேறிடத்தில். சிவகுமார் என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் சிவகுமாரன் என்று இருக்கும். மகளின் பெயரில் ஆங்கில எச் எழுத்து பாடசாலைச் சான்றிதழில் இருந்து கடவுச்சீட்டில் இல்லாமல் போயிருக்கும். முதல் வாரத்திலேயே ஒரு தாளை எடுத்து, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கி, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர், கடவுச்சீட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ளபடி பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இனி எந்தப் படிவத்தை யார் நிரப்பினாலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்ப வேண்டும். வேறுபாடு ஏற்கெனவே இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று ஊரில் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருக்கலாம். பிறப்பு பதிவாகவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் இப்போதே மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். போரில் பதிவேடுகள் அழிந்த பகுதிகளில் இந்த வேலை மாதக்கணக்கில் இழுபடும்.

18 வயதுக்குட்பட்டவருக்கு

அகதிக் கோரிக்கைகளை விசாரித்துத் தீர்மானிக்கும் குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் முன் வரும் 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் நியமிக்கப்பட்ட பிரதிநிதி ஒருவரைச் சபை ஏற்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெற்றோர் இங்கே இருந்தால் பெரும்பாலும் அவர்கள்தான் அந்தப் பிரதிநிதி. இல்லாவிட்டால் உறவினரோ வேறு தகுந்த ஒருவரோ நியமிக்கப்படலாம். பிரதிநிதி சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணியைத் தேர்ந்து அவருக்கு அறிவுறுத்தல் கொடுப்பதும், சான்றுகளைத் திரட்ட உதவுவதும், பிள்ளைக்கு நடப்பதை விளக்குவதும், பிள்ளையின் நலனை மட்டுமே முன்வைத்து முடிவெடுப்பதும் அவருடைய கடமை. பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருக்கும் மாமா கடையில் வேலைக்கு ஆள் தேவை என்பதற்காக விசாரணைத் தயாரிப்பைத் தள்ளிப்போடுகிறார் என்றால், அவர் அந்தப் பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர். பிள்ளை அதைச் சட்டத்தரணியிடம் சொல்லலாம், சபையும் பிரதிநிதியை மாற்றலாம்.

பள்ளிக்குப் போக 18 வயதுக்குட்பட்ட அகதிக் கோரிக்கையாளருக்குத் தனியான கல்வி அனுமதி தேவையில்லை. மருத்துவச் செலவுக்கு இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் இருக்கிறது. விசாரணையில் மொழிபெயர்ப்பாளரைச் சபையே இலவசமாகத் தருகிறது. ஒன்ராறியோ உள்ளிட்ட சில மாகாணங்களில் அகதி வழக்குகளுக்கு லீகல் எயிட் எனப்படும் அரச சட்ட உதவி உண்டு. பிள்ளைகளின் வழக்குகளை எப்படி நடத்த வேண்டும் என்ற தனி வழிகாட்டுதலைச் சபை 1996இலேயே வெளியிட்டது. நினைவு மறத்தலும் திகதி குழம்புதலும் வயதுக்கும் பட்ட துன்பத்துக்கும் ஏற்ப மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். எனவே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். மனப்பாடம் செய்த கதையே விசாரணையில் முதலில் உடைகிறது.

விசாரணைவரை

அடிப்படைக் கோரிக்கைப் படிவம் என்பதே வழக்கின் அத்திவாரம். ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள் என்பதை அதில் உங்கள் சொற்களில் சொல்கிறீர்கள். விட்டுப்போனதையும் பிழையாக எழுதியதையும் திருத்தலாம். திருத்தம் விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்பாவது சபைக்குக் கிடைத்துவிட வேண்டும். சான்றுகளுக்கும் அதே கெடுதான். தமிழிலுள்ள ஒவ்வொரு கடதாசியும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்க்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு இருக்க வேண்டும். பின்னால் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு வீட்டாரே மொழிபெயர்த்த தாள் செல்லாது என்பதால், முதலிலேயே வெளியாளிடம் செய்வித்தால் இரண்டு தடவை பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முகவரி மாறினால் சபைக்கும், குடிவரவுத் திணைக்களத்துக்கும், எல்லைச் சேவைகள் முகவரகத்துக்கும் தனித்தனியே அறிவியுங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு நிலவறை வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இளையோர் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய வீட்டுக்குப் போன கடிதத்தில் விசாரணைத் திகதி இருந்து, அதற்குப் போகாவிட்டால், வழக்கு கைவிடப்பட்டதாக அறிவிக்கப்படலாம். அதை மீளத் திறப்பது மிகக் கடினம்.

உதவி பெறும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லும் உரிமை சட்டத்தரணிகள், கியூபெக் நொத்தாரிசுகள், ஒன்ராறியோவின் உரிமம் பெற்ற சட்ட உதவியாளர்கள், குடிவரவு குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆகியோருக்கு மட்டுமே உண்டு. சபையின் முன் தோன்ற ஆலோசகருக்குத் தனி வகை உரிமம் வேண்டும். பெயர் பதிவில் இருக்கிறதா என்பதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். தெரிந்தவர் என்பதற்காக ஒருவரிடம் படிவத்தைக் கொடுத்து, வாசிக்காமல் கையெழுத்திட்டால், அதிலுள்ள பொய்க்குப் பொறுப்பு கையெழுத்திட்டவருடையதே. பொய்யான தகவல் என்று தீர்மானிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுக் குடிவரவுத் தடை.

ஏற்கப்பட்ட பின்பு

கோரிக்கை ஏற்கப்பட்டால் நீங்கள் பாதுகாக்கப்பட்ட நபர். அது நிரந்தர வதிவிடம் அல்ல, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தாமதிக்காதீர்கள். ஐஎம்எம் 0008 படிவத்திலும், மேலதிகக் குடும்ப விபரத்துக்கான ஐஎம்எம் 5406 படிவத்திலும், அகதிக் கோரிக்கையில் எழுதிய அதே பெயர்களும் திகதிகளும் வர வேண்டும். கனடாவுக்கு வெளியே இருக்கும் கணவன், மனைவி, பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். நீங்கள் நிரந்தர வதிவாளரான நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவர்களுடைய விண்ணப்பமும் வெளிநாட்டு அலுவலகத்திடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கான விசா உங்களுக்கு வதிவிடம் கிடைத்த பின்புதான் வரும். பாதுகாக்கப்பட்ட நபருக்கு நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் விதிக்கப்படுவதில்லை. பரிசீலனைக் கட்டணம் 2024 ஏப்ரல் 30இல் வந்த திருத்தத்தின்படி பெரியவருக்கு 635 டொலராகவும் பிள்ளைக்கு 175 டொலராகவும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை இது உயர்த்தப்படும் என்பதால், கட்டும் நாளில் உள்ள தொகையைப் பார்த்தே கட்டுங்கள்.

பிள்ளைகளின் வயதைக் கணக்கெடுக்கும் நாள், நீங்கள் அகதிக் கோரிக்கை வைத்த நாள். விசா வரும் நாளல்ல. ஒரு தாய் 2024 பெப்ரவரி 10 அன்று கோரிக்கை வைத்தார் என்றும், அவருடைய மகன் 2002 ஜூன் 5 அன்று பிறந்தவன் என்றும் வைத்துக்கொள்வோம். அன்று அவனுக்கு 21 வயது. விசாரணையும் விண்ணப்பமும் இழுபட்டு 2028இல் விசா வரும்போது அவனுக்கு 25 வயது ஆகியிருந்தாலும் அவன் பிள்ளையாகவே கணக்கிடப்படுவான். "எனக்கு வயது போய்விட்டது" என்று ஊரில் மனம் தளர்ந்திருக்கும் இளையோர் இந்தத் திகதியை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வயது நின்றாலும் மண நிலை நிற்பதில்லை. அந்த மகன் அன்றைய நாளிலிருந்து கனடாவில் வந்திறங்கும்வரை மணமாகாதவனாக இருக்க வேண்டும், யாருடனும் துணையாகச் சேர்ந்து வாழவும் கூடாது. நம் வழக்கத்தில் எழுத்து எனப்படும் திருமணப் பதிவு முதலில் நடக்கும், தாலி கட்டுவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நடக்கும். வீட்டாரின் கண்ணில் எழுத்து என்பது நிச்சயம் செய்ததைப் போன்றதே. பெண்ணும் மாப்பிள்ளையும் தத்தம் வீட்டிலேயே இருப்பார்கள். சட்டத்தின் கண்ணிலோ பதிவாளர் முன் கையெழுத்திட்ட அந்த நிமிடமே அவர்கள் கணவனும் மனைவியும். காத்திருக்கும் மகளுக்கு நல்ல வரன் வந்துவிட்டதென்று எழுத்தை மட்டும் முடித்து வைத்தால், அவள் தாயின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவாள். பெற்றோர் இதை நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள். அதனாலேயே முன்கூட்டி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே எழுத்து விவகாரம் விண்ணப்பதாரரையும் வேறு விதத்தில் பாதிக்கும். கோரிக்கை ஏற்கப்பட்டு வதிவிடத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் நீங்கள் மணம் செய்தாலோ, உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தாலோ, வதிவிடம் கிடைப்பதற்கு முன் குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் குடும்ப நிலையில் மாற்றம் உண்டா என்று கேட்கப்படும்போது, கேட்கப்படுவது ஒரு சடங்கு என்று எண்ணி இல்லை என்று குறித்துவிடாதீர்கள். அந்த ஒரு பதிலால் 117(9)(டி) உங்கள் மனைவி மீது பாயும்.

குடும்பத்தில் வராதவர் உட்பட அனைவரும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் பரிசோதனை செய்ய வேண்டும். நோயுள்ள பிள்ளையை எழுதினால் எல்லோரையும் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. மருத்துவச் செலவு மிகையாகும் என்ற காரணத்தால் பாதுகாக்கப்பட்ட நபரின் குடும்பத்தை மறுக்க முடியாது, சட்டத்தில் அதற்கு நேரடியான விலக்கு இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். வயது குறைந்த பிள்ளை ஒரு பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வருவதானால், அந்தப் பெற்றோரின் சம்மதம் ஐஎம்எம் 5604 படிவத்தில் தேவைப்படும். பிரிந்து வாழும் கணவர் எங்கிருக்கிறார் என்று தெரியாவிட்டால், தேடிய முயற்சிகளைக் கடிதமாகவும், காவலுரிமை பற்றி நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதன் பிரதியாகவும் கொடுக்க வேண்டும். உறவை நிறுவும் ஆவணங்கள் போதாத இடத்தில் அதிகாரி டிஎன்ஏ பரிசோதனையைப் பரிந்துரைக்கலாம். அதன் செலவு உங்களுடையது, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்திலேயே செய்ய வேண்டும். காசு அனுப்பிய ரசீதுகள், தொலைபேசிப் பதிவுகள், திருமணத்தன்று உறவினரோடு எடுத்த படங்கள் ஆகியவற்றை இப்போதிருந்தே ஓர் உறையில் சேர்த்து வாருங்கள்.

தாய் தந்தையை அழைக்க

தனியாக வந்த பிள்ளைக்கு முதலில் திறந்திருப்பது சட்டத்தின் 25ஆம் பிரிவு. மனிதாபிமான, கருணைக் காரணங்களுக்காக விதிகளிலிருந்து விலக்கு கேட்கவும், விலக்கு அளிக்கும்போது நேரடியாகப் பாதிக்கப்படும் பிள்ளையின் நலனைக் கருத்திற்கொள்ளவும் அது இடம் தருகிறது. பிள்ளை பாதுகாப்புப் பெற்ற பின், பெற்றோரும் உடன்பிறந்தோரும் வெளிநாட்டிலிருந்து செய்யும் வதிவிட விண்ணப்பத்தில் இந்த விலக்கைக் கேட்கலாம். இது உரிமையாகக் கிடைப்பதன்று, அதிகாரியின் விருப்புரிமை. அதனால் எழுதித் தரும் விளக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "பிள்ளை அம்மாவைத் தேடுகிறான்" என்ற பொது வாக்கியம் பயன்படாது. பாடசாலை ஆலோசகரின் அறிக்கை, மருத்துவர் அல்லது உளவியலாளரின் குறிப்பு, இங்குள்ள உறவினர் எந்த அளவுக்கே பார்த்துக்கொள்ள முடியும் என்ற அவரது வாக்குமூலம், பிள்ளைக்கு நேர்ந்ததன் காரணமாகவே பெற்றோரும் ஊரில் ஆபத்தில் இருப்பதற்கான சான்று ஆகியவை வேண்டும். பிள்ளைக்கு 18 ஆவதற்கு முன் இதை அனுப்புவது மிக முக்கியம். இதைத் தானாகச் செய்ய முயலாமல், அகதி வழக்குகளில் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடமே கொடுங்கள்.

25ஆம் பிரிவை எப்படி வாசிக்க வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் சொன்னது ஓர் ஈழத்துத் தமிழ் இளைஞனின் வழக்கில்தான். 2015 டிசெம்பர் 10 அன்று தீர்ப்பான காந்தசாமி வழக்கில், விண்ணப்பதாரர் 2010இல் பதின்ம வயதில் கனடாவிலுள்ள உறவினரிடம் வந்தவர். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, பின் மனிதாபிமான விண்ணப்பமும் மறுக்கப்பட்டது. துன்பம் என்ற அளவுகோலை இறுக்கமான வாசற்படியாக வைத்து ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே தள்ளிவிடக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும், 17 வயதினரும் பிள்ளையே என்று நீதிமன்றப் பெரும்பான்மை கூறி மறுபரிசீலனைக்கு அனுப்பியது. எனவே கோரிக்கை மறுக்கப்பட்டோருக்கும் இந்தப் பிரிவு ஒரு வழிதான். ஆனால் மறுக்கப்பட்ட பின் 12 மாதம் இந்த விண்ணப்பம் செய்யத் தடையுண்டு, பிள்ளையின் நலன் நேரடியாகப் பாதிக்கப்படும் சில சந்தர்ப்பங்கள் அதற்கு விலக்கு. அதற்கு முன்பே, எழுத்திலான காரணங்கள் கிடைத்து 15 நாட்களுக்குள் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் கொடுக்க உரிமையுள்ளவர்கள் அந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது.

பிள்ளை வளர்ந்து 18 வயதைக் கடந்து நிரந்தர வதிவாளரான பின், பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும் திட்டம் இருக்கிறது. அது இளையோருக்கு எளிதன்று. அழைப்பு பெற்றவர்தான் விண்ணப்பிக்கலாம். கியூபெக் தவிர்ந்த இடங்களில் மூன்று வரி ஆண்டுகளுக்குக் குறைந்த வருமான எல்லையைவிட 30 வீதம் கூடுதலான வருமானம் பொதுவாகக் காட்டப்பட வேண்டும், 20 ஆண்டுகளுக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். வருடாந்த வரிப் பத்திரத்தை முதல் வேலையிலிருந்தே ஒழுங்காகச் சமர்ப்பித்து, உழைப்பை முழுதாகக் காட்டி வருவதே இதற்கான ஆயத்தம். கையில் காசாக வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. பெற்றோரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டால், 22 வயதுக்குட்பட்ட மணமாகாத தம்பி தங்கைகள் பெற்றோரைச் சார்ந்தவர்களாக அதிலேயே வரலாம். தாயும் தந்தையும் இறந்துவிட்ட 18 வயதுக்குட்பட்ட உடன்பிறந்தோரைத் தனியாகவே ஸ்பொன்சர் செய்ய முடியும். வதிவிடம் கிடைத்த பின் மணம் செய்பவர் தன் துணையை அழைக்க வருமான எல்லை எதுவும் பொதுவாக இல்லை. ஆனால் இயலாமை தவிர்ந்த காரணத்துக்காகச் சமூக உதவிப் பணம் பெற்றுக்கொண்டிருக்கக் கூடாது, மூன்று ஆண்டுப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

வதிவிடம் கிடைத்த பின் அதைக் காப்பது

ஐந்து ஆண்டில் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும் என்பது எல்லா நிரந்தர வதிவாளருக்கும் பொதுவான விதி. அகதியாக வந்தவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. 2012 டிசெம்பர் 15 முதல், அகதி நிலை பெற்றவர் தான் அஞ்சி ஓடிவந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் விரும்பி ஏற்றுக்கொண்டார் என்று சபை தீர்மானித்தால், அகதி நிலையோடு நிரந்தர வதிவிடமும் பறிபோகும். அந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அதில் பயணம் செய்வதும், ஊருக்குப் போய்வருவதும் இதற்கான சான்றுகளாகும். பிஆர் கார்ட் எனப்படும் நிரந்தர வதிவிட அட்டை கைக்கு வந்ததும் அம்மம்மாவைப் பார்க்கவும் கோயில் திருவிழாவுக்கும் பறந்து போகும் இளையோரை யாரும் தடுத்து எச்சரிப்பதில்லை. அதுவே பின்னால் அழைத்து வரவேண்டிய குடும்பத்தின் வழியையும் அடைத்துவிடும். குடும்பத்தைச் சந்திக்க வேண்டுமென்றால், கனடா வழங்கும் அகதிகளுக்கான பயண ஆவணத்தில், அதை ஏற்கும் மூன்றாம் நாடு ஒன்றில் சந்தியுங்கள். மரணம் போன்ற தவிர்க்க முடியாத காரணம் வந்தாலும், பயணச்சீட்டு எடுக்குமுன் சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

இந்த ஆபத்து முற்றாக நீங்குவது கனடியக் குடியுரிமை பெறும் நாளில்தான். அதற்கு விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலிருந்து வதிவிடம் கிடைக்கும்வரை இங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, உச்சமாக 365 நாட்கள் வரை, இதில் சேரும். ஆகவே சபையின் ஏற்புக் கடிதத்தை வதிவிடம் வந்த பின்னும் பத்திரமாக வைத்திருங்கள், கனடாவை விட்டு வெளியே போன, திரும்பிய திகதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள், தகுதி வந்த மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.